பன்னாட்டு உறவுகளில் ஆய்வரங்க உரை – ஆயத்தமும் அரங்கேற்றமும்

முன்னுரை

தமிழ் மரபில் ஒருவர் ஏட்டில் எழுதி முடித்த மாத்திரத்தில் அது நூலாகிவிடுவதில்லை. அவையேறி, அறிந்தோர் எழுப்பும் தடைகளுக்கு விடை இறுத்த பின்னரே அது நூலென ஏற்கப்பட்டது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதை அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. அவ்வாசான் எழுப்பிய தடைகளுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார் என்பது உரையாசிரியர் தரும் செய்தி. இன்று பல்கலைக்கழகங்களில் ‘செமினார்’ என வழங்கும் ஆய்வரங்கும் இத்தகைய அவையே. இலத்தீன் மொழியில் அச்சொல்லின் மூலப்பொருள் நாற்றங்கால் என்பதாகும். நாற்று ஓரிடத்தில் முளைத்து, பிடுங்கப்பட்டு, வேறிடத்தில் நடப்பட்ட பின்னரே பயிராகின்றது. மாணவரின் கருத்தும் அவ்வாறே ஆய்வரங்கில் முளைவிட்டுப் பின்னர் ஆய்வேடாக வளர்கின்றது.

முதுகலை, ஆய்வுப் பட்டம் ஆகிய நிலைகளில் பயிலும் மாணவர்க்கு ஆய்வரங்க உரை இன்று கட்டாயமாகியுள்ளது. எனினும் பலர் இதனை ஒரு சடங்காகவே கருதுகின்றனர். நான்கு நூல்களிலிருந்து எடுத்தெழுதி, இருபது நிமிடம் படித்துவிட்டு அமர்ந்துவிடுகின்றனர். ஆய்வரங்க உரையை ஆயத்தம் செய்வது எவ்வாறு, அவையில் அளிப்பது எவ்வாறு என்பவற்றைப் பன்னாட்டு உறவுகள் என்னும் துறையை நிலைக்களனாகக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது. தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என ஐயுறுவோர் உளராயின், நூலுக்குரிய குற்றங்களையும் அழகுகளையும் வகுத்துரைத்த இலக்கணம் நம்முடையது என்பதே விடையாகும்.

துறையின் இயல்பு

பன்னாட்டு உறவுகள் இளைய துறையாகும். முதல் உலகப் போரின் அழிவைக் கண்ட பின், 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் இத்துறைக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. இந்தியாவில் 1955இல் புதுதில்லியில் தோன்றிய இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி, 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அப்பள்ளியின் முதல் இயக்குநராக விளங்கிய ஏ. அப்பாதுரை, கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலையை ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக நூல் தந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இத்துறைக்கெனத் தனி இடர் ஒன்றுண்டு. இதன் பொருள் நாள்தோறும் செய்தித்தாளில் வருவது. ஆகவே எல்லார்க்கும் அதுபற்றி ஒரு கருத்து இருக்கும். கருத்து இருப்பது வேறு, ஆய்வு முடிவு இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை விளக்க, 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சூயஸ் நெருக்கடி – சுருக்கம்

அஸ்வான் அணைக்கு உதவுவதாகக் கூறியிருந்த அமெரிக்கா 1956 ஜூலை 19இல் அதனின்றும் பின்வாங்கியது. ஜூலை 26இல் எகிப்து அதிபர் ஜமால் அப்துல் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். ஆகஸ்டு 16 முதல் 23 வரை லண்டனில் 22 நாடுகள் கூடிய மாநாட்டில், கால்வாயை ஒரு பன்னாட்டு வாரியம் இயக்கவேண்டும் என்னும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸின் திட்டத்தை 18 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் அதனை ஏற்கவில்லை. எகிப்தின் இறையாண்மையை ஏற்று, கால்வாயைப் பயன்படுத்துவோர்க்கு ஓர் ஆலோசனைக் குழு போதுமென வி.கே. கிருஷ்ண மேனன் மாற்றுத்திட்டம் முன்வைத்தார்.

அக்டோபர் 29இல் இஸ்ரேல் எகிப்தின் சினாய்ப் பகுதியைத் தாக்கியது. மறுநாள் பிரிட்டனும் பிரான்சும், போரிடும் இருதரப்பாரும் கால்வாயிலிருந்து விலக வேண்டுமென இறுதி எச்சரிக்கை விடுத்தன. எகிப்து மறுக்கவே குண்டு வீசின. நவம்பர் 5இல் படை இறக்கின. பாதுகாப்புச் சபையில் அவ்விரு நாடுகளும் மறுப்பாணையைப் பயன்படுத்தியமையால் சிக்கல் பொதுச்சபையின் அவசரச் சிறப்புக் கூட்டத்திற்குச் சென்றது. நவம்பர் 2இல் போர்நிறுத்தத் தீர்மானம் 64 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 5, நடுநிலை வகித்தவை 6. அமெரிக்காவின் பொருளியல் நெருக்குதலும் சேர, நவம்பர் 6 நள்ளிரவில் சண்டை நின்றது. பிரிட்டிஷ் பிரதமர் ஆண்டனி ஈடன் 1957 ஜனவரியில் பதவி விலகினார்.

பொருளிலிருந்து வினாவுக்கு

‘சூயஸ் நெருக்கடி’ என்பது ஒரு பொருள். அஃது ஆய்வு வினா ஆகாது. மேலே இரு பத்திகளில் கூறியவற்றை இருபது பக்கமாக விரித்தாலும் அது செய்தித் தொகுப்பாகவே அமையும். ஆய்வரங்க உரைக்கு வேண்டுவது விடை தெரியாத, ஆயின் சான்றுகளால் விடை காணத்தக்க, ஒரு குறுகிய வினா.

சான்றாக, லண்டன் மாநாட்டின் வாக்குகளை நோக்குவோம். முஸ்லிம் நாடுகள் யாவும் எகிப்தின் பக்கம் நின்றிருக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மை வேறு. பாகிஸ்தான், ஈரான், துருக்கி ஆகிய மூன்றும் சில திருத்தங்களுடன் டல்லஸ் திட்டத்தை ஏற்ற 18 நாடுகளுள் அடங்கும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவும், பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் இலங்கையும் அதனை ஏற்கவில்லை. ஆனால் நவம்பர் 2இல் போர்நிறுத்தத் தீர்மானத்தை எதிர்த்தோர், நடுநிலை வகித்தோர் பட்டியல்களில் பாகிஸ்தான், ஈரான், துருக்கி மூன்றுமே இல்லை; அவை தீர்மானத்தை ஆதரித்தன. எனவே, ‘1956 ஆகஸ்டில் டல்லஸ் திட்டத்தை ஏற்ற பாகிஸ்தான் நவம்பரில் பிரிட்டனுக்கு எதிராக வாக்களித்தது ஏன்?’ என்று கேட்கலாம். இஃது ஆய்வு வினா. இதற்குக் காலவரையறை உண்டு. ஒப்பிடத்தக்க இரு நிகழ்ச்சிகள் உண்டு. ஒன்றோடொன்று போட்டியிடும் விடைகளும் உண்டு.

வினா அமைந்ததும், தோன்றக்கூடிய விடைகளைக் கருதுகோள்களாக எழுதிக்கொள்ள வேண்டும். சமயப் பற்று ஒன்று. இராணுவ ஒப்பந்தம் மற்றொன்று. உள்நாட்டு மக்களின் கொந்தளிப்பு பிறிதொன்று. ஒரு நாட்டின் மீது படையெடுப்பது பன்னாட்டுச் சட்டத்துக்கு முரண் என்னும் நெறியுணர்வு இன்னொன்று. சமயப் பற்றே காரணமெனில் ஆகஸ்டு வாக்கு விளங்காது. பாகிஸ்தான், ஈரான், துருக்கி மூன்றும் 1955இல் பிரிட்டனுடன் பாக்தாத் ஒப்பந்தத்தில் இணைந்திருந்தன; இஃது ஆகஸ்டு வாக்கை விளக்குகின்றது. ஆயின் ஒப்பந்தமே காரணமெனில் நவம்பர் வாக்கு விளங்காது. மேலும், எந்த இராணுவக் கூட்டணியிலும் சேராதிருந்த ஸ்வீடனும் 18இல் ஒன்று. அதன் வாக்கிற்குக் கால்வாய் வழியே செல்லும் வணிகக் கப்பல்களின் நலன் காரணமாகுமா என ஆராய வேண்டும். தன் கருதுகோளுக்கு அடங்காத இத்தகைய நாட்டை மறைத்துவிடாது முன்னிறுத்துபவரே நேர்மையான ஆய்வாளர்.

முன்னோர் ஆய்வும் எழுவகை மதமும்

அடுத்த பணி, இப்பொருள் பற்றி முன்னர் எழுதியோர் யாது கூறினர் என அறிதல். இதனைப் பல மாணவர் நூற்பெயர்ப் பட்டியலாகத் தருகின்றனர். நன்னூலார் வகுத்த எழுவகை மதம் இவ்விடத்தில் பெரிதும் துணைபுரியும். பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்னர் மறுத்தல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறர் கொள்கையோடு கலவாது தன் கொள்கையை மேற்கொள்ளுதல் என ஏழு நிலைகளை அவர் காட்டுகின்றார். படித்த ஒவ்வொரு நூலுக்கும் எதிரே, ‘இந்நூலோடு என் நிலை இவ்வேழனுள் யாது?’ என ஒரு வரி எழுதிக்கொண்டால் முன்னோர் ஆய்வு பற்றிய பகுதி தானே உருவாகிவிடும்.

மறுப்பதற்கு முன் எதிர்க்கருத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்தல் வேண்டும். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தத்துவஞானிகளை மறுத்து எழுதிய நூல் புகழ்பெற்றது. அவர்களுடைய கொள்கைகளை நடுநின்று விளக்கும் ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலையும் அவர் இயற்றினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எதிராளி ‘என் கருத்தை இவர் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்’ என ஒப்பும் வண்ணம் எடுத்துரைத்த பின்னரே மறுப்புக்கு மதிப்பு உண்டாகும்.

சான்றுகளைத் தேர்தல்

பன்னாட்டு உறவு ஆய்வின் உயிர்நாடி சான்றாகும். சான்றுகள் முதன்மைச் சான்று, துணைமைச் சான்று என இருவகைப்படும். ஒப்பந்தங்கள், தூதரகத் தந்திகள், அமைச்சரவைக் குறிப்புகள், ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானங்கள் ஆகியன முதன்மையானவை. பின்னர் எழுந்த ஆய்வு நூல்கள் துணைமையானவை. நாட்குறிப்பு, தன்வரலாறு ஆகியவற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டாலும், எழுதியவரின் நோக்கத்தைக் கருதியே அவற்றைக் கையாள வேண்டும்.

சூயஸ் வரலாறு இதற்குச் சிறந்த பாடமாகும். 1956 அக்டோபர் 24இல் பாரிஸ் நகரையடுத்த செவ்ர் என்னுமிடத்தில் பிரிட்டன், பிரான்சு, இஸ்ரேல் ஆகிய நாடுகளின் பிரதிநிதிகள் ஓர் இரகசிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். இஸ்ரேல் முதலில் தாக்குவது, பின்னர் மற்ற இரு நாடுகளும் சமாதானம் செய்விப்போர் போல எச்சரிக்கை விடுத்து இறங்குவது என்பதே அவ்வேற்பாடு. ஈடன் பிரிட்டிஷ் படியை அழிக்கச் செய்தார், பிரெஞ்சுக்காரரிடமும் அவ்வாறே கோரினார், அவர்கள் இணங்கவில்லை. டிசம்பர் 20இல் பாராளுமன்றத்தில், இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று ஈடன் கூறினார். 1960இல் வெளிவந்த அவருடைய நினைவுக்குறிப்பு நூலும் செவ்ர் பற்றி வாய்திறக்கவில்லை.

ஆயினும் உண்மை படிப்படியாக வெளிவந்தது. இப்போரை எதிர்த்துப் பதவி விலகிய துணை அமைச்சர் ஆண்டனி நட்டிங் 1967இல் தம் நூலில் கூட்டுச்சதியை வெளிப்படுத்தினார். முப்பதாண்டு விதிப்படி பிரிட்டிஷ் அரசு ஆவணங்கள் 1987 தொடக்கத்தில் திறக்கப்பட்டன. பென் குரியன் பேணி வைத்திருந்த இஸ்ரேலியப் படியின் நகல் 1996இல் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்றில் உலகுக்குக் காட்டப்பட்டது. நாற்பதாண்டுகளுக்குப் பின் உடன்படிக்கையின் வாசகமே ஆய்வாளர் கைக்கு எட்டியது.

இதனால் மாணவர் அறிவன மூன்று. முதலாவது, பதவியில் இருந்தவர் கூறியது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இரண்டாவது, ஒரு நாட்டின் ஆவணக் காப்பகத்தை மட்டும் நம்பினால் அந்நாடு அழித்தது தெரியாமலே போய்விடும். ஆகவே மாற்றுத் தரப்பின் ஆவணங்களையும் காணவேண்டும். மூன்றாவது, ஒரு நூல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது, அப்போது எந்த ஆவணங்கள் திறந்திருந்தன என்று பார்க்காமல் அதனை மேற்கோள் காட்டலாகாது. 1965இல் எழுதியவர்க்குக் கிட்டாத சான்று 1997இல் எழுதியவர்க்குக் கிட்டியது.

இச்சான்றாய்வு நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், அதனை அறிவித்தோர் வரிசையாகிய ‘இஸ்னாத்’தை ஆராய்ந்தனர், அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நினைவாற்றல், நாணயம், சொல்பவரும் கேட்டவரும் சந்தித்திருக்கக் கூடுமா என்பனவற்றை நோக்கினர். நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் பணிக்கின்றது. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில், வரலாற்றாசிரியர் கேட்டதையெல்லாம் ஆராயாமல் எழுதுவதைக் கண்டித்தார். யார் வாயிலாகக் கேட்பினும் பொருளின் உண்மை காண்பதே அறிவென வள்ளுவப் பெருந்தகை வகுத்ததும் இதுவே. ஓர் ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பு ஒருவகையில் இஸ்னாதே எனலாம். ‘இச்செய்தி எனக்கு எவ்வழி வந்தது’ என்பதை அது படிப்போர்க்கு அறிவிக்கின்றது.

இன்றைய மாணவர்க்கு வசதிகள் பெருகியுள்ளன. சூயஸ் பற்றிய அமெரிக்க அரசின் ஆவணத் தொகுதி முழுவதையும், ஐ.நா. தீர்மானங்களையும், நேருவின் தேர்ந்தெடுத்த படைப்புகளையும் கணினி வழியே கட்டணமின்றிப் படிக்க இயலும். வசதி பெருகியதற்கேற்பப் பொறுப்பும் பெருகியுள்ளது. பிறர் எழுதியதைத் தம்முடையதெனத் தருவது களவு. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அதற்குத் தண்டனை வகுத்துள்ளன. தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்றி, அறிவு ஓர் அமானிதம் என்னும் உணர்வாலும் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

கோட்பாடும் சார்பும்

சான்றுகளை வரிசைப்படுத்தக் கோட்பாடு உதவும். வல்லரசுகளின் ஆற்றல், தேசிய நலன் ஆகியவற்றை முதன்மைப்படுத்துவது நடப்பியல்; ஹான்ஸ் மார்கெந்தோ 1948இல் வெளியிட்ட நூல் இதற்கு அடிப்படை. பன்னாட்டு நிறுவனங்களின் பங்கை முதன்மைப்படுத்துவது தாராளவியல். சூயஸில் அமெரிக்காவின் நெருக்குதலே போரை நிறுத்தியது என்பர் முன்னவர். பொதுச்சபையின் தீர்மானமும், கனடாவின் லெஸ்டர் பியர்சன் முயற்சியால் உருவாகி இந்தியப் படையும் பங்கேற்ற ஐ.நா. அவசரகாலப் படையுமே பிரிட்டனும் பிரான்சும் விலக வழிவகுத்தன என்பர் பின்னவர். கோட்பாட்டைக் கண்ணாடியாகக் கொள்ளலாம். அதற்கேற்ப உண்மைகளை வெட்டலாகாது.

கோட்பாட்டினும் நுட்பமானது நம் சார்பு. எகிப்தின் மீது நமக்குப் பரிவு உண்டாதல் இயல்பே. அதனை மறைக்கவும் வேண்டுவதில்லை. ஆயின் பரிவு சான்றாகிவிடாது. நாம் போற்றும் தரப்புக்கு ஒவ்வாத செய்தியையும் அதே அளவுகோலால் அளக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, சூயஸ் படையெடுப்பை வன்மையாகக் கண்டித்த இந்தியா, அதே நவம்பரில் சோவியத் படைகள் ஹங்கேரியில் புகுந்தபோது தயக்கம் காட்டியது; அங்கு ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. இதனைக் கூறாது இந்தியாவின் சூயஸ் நிலைப்பாட்டை மட்டும் புகழும் கட்டுரை பாதி உண்மையே ஆகும். செவ்ர் சதியை மறைத்த ஈடனை நாம் குறை கூறுகின்றோம். நமக்கு உவப்பற்ற சான்றை நாமும் மறைப்போமாயின் அவருக்கும் நமக்கும் வேறுபாடு யாது?

உரையை வரைதல்

ஆய்வரங்க உரை ஆய்வேட்டின் சுருக்கமன்று; ஒரே வினாவுக்கு ஒரே விடையை நிறுவும் தனிப்படைப்பு. வினா, அதன் இன்றியமையாமை, முன்னோர் கருத்து, சான்றுகளும் முறையும், கண்டறிந்தவை, எஞ்சிய ஐயங்கள் என்னும் வரிசை பயன் தரும். முதற்பக்கத்திலேயே வினாவும் விடையும் இடம்பெறல் வேண்டும்; மர்மக்கதை போல் இறுதிவரை ஒளித்துவைத்தல் தகாது.

நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் மூன்று ஆய்வரங்க உரைகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. சூயஸ் பற்றிப் பேச வந்தவர் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட கதையையே பாதிநேரம் கூறுவது ‘மற்றொன்று விரித்தல்’. நாசரைப் பற்றிய அடைமொழிகளை அடுக்குவது ‘மிகைபடக் கூறல்’. ஆரவாரமாகத் தொடங்கி, நேரமின்றி ஓரிரு சொல்லில் முடித்துவிடுவது ‘சென்று தேய்ந்து இறுதல்’. எழுதி முடித்த படியை இம்மூன்றையும் கொண்டு ஒருமுறை சலித்தெடுத்தல் நலம்.

அவையில் அளித்தல்

படிப்பதற்கு எழுதிய கட்டுரை வேறு, கேட்பதற்கு உரிய உரை வேறு. கேட்போர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இயலாது. ஆகவே தொடர்கள் குறுகியிருத்தல் வேண்டும். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது அதனை வாயால் அறிவித்தல் வேண்டும். இருபது நிமிடம் ஒதுக்கப்பட்டால் பதினெட்டு நிமிடத்துக்கே ஆயத்தம் செய்க. முன்னதாக நண்பர் இருவர் முன்னிலையில் கடிகாரம் வைத்து உரக்கப் பேசிப் பழகுக. கால அட்டவணை, வாக்களிப்புப் பட்டியல், சூயஸ் பகுதியின் வரைபடம் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு அவையோர்க்கு வழங்கினால் விளக்கும் நேரம் மிச்சமாகும். திரையில் படங்காட்டும் வசதி இருப்பின், திரையில் உள்ளதை அப்படியே படித்தல் வேண்டா. மின்சாரம் நின்றுவிட்டாலும் பேச இயலும் நிலையில் இருத்தல் வேண்டும்.

கலைச்சொற்களுக்குத் தமிழில் ஒரே சொல்லை இறுதிவரை ஆளுதல் வேண்டும். ஓரிடத்தில் ‘இறையாண்மை’ என்றும் மற்றோரிடத்தில் ‘அரசுரிமை’ என்றும் கூறின், இரு வேறு கருத்துகளெனக் கேட்போர் மயங்குவர்.

வினாவும் விடையும்

ஆய்வரங்கின் பயன் உரை முடிந்த பின்னரே தொடங்குகின்றது. அரபி மதரஸாக்களின் பழைய பாடத்திட்டத்தில் ‘முனாழரா’ என்னும் வாதமுறை தனிப்பாடமாக இருந்தது. வாதத்தின் குறிக்கோள் எதிராளியை வீழ்த்துவதன்று, உண்மையை வெளிப்படுத்துவதே என்பது அதன் அடிப்படை.

அவையில் எழும் வினாக்கள் பெரும்பாலும் மூவகையின. விளக்கம் கேட்பன முதல் வகை. இவற்றுக்கு நேரடியாகச் சுருங்க விடை கூறுக. சான்றைக் கேட்பன இரண்டாம் வகை. இவற்றுக்கு ஆவணத்தின் பெயரையும் நாளையும் கூறுக. முடிவையே மறுப்பன மூன்றாம் வகை. இவற்றுக்கு முதலில் அம்மறுப்பைத் திருப்பிக் கூறி, சரியாகப் புரிந்துகொண்டதை உறுதி செய்தபின் விடை தருக. விடை தெரியாதவிடத்துத் ‘தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ எனக் கூறுவதில் இழுக்கில்லை. இல்லாத நூலை மேற்கோள் காட்டுவதே இழுக்கு. எழுந்த வினாக்கள் அனைத்தையும் அன்றிரவே குறித்துவைத்துக்கொள்பவர்க்கு ஆய்வேட்டின் அடுத்த இயல் அக்குறிப்பிலேயே கிடைத்துவிடும்.

முடிவுரை

ஆய்வரங்க உரையால் கிட்டும் மதிப்பெண் சிறிது. அது தரும் பயிற்சி பெரிது. தொலைவிலுள்ள நாடுகளின் போரும் சமாதானமும் பற்றிய செய்திகள் இன்று கைப்பேசி வாயிலாக நொடிதோறும் நம் இல்லங்களுக்குள் வருகின்றன. அவற்றுள் மெய்யும் பொய்யும் கலந்துள்ளன. சினத்தை மூட்டுதற்கென்றே புனையப்பட்டவையும் உள. ஆராயாது ஒன்றை ஏற்று மற்றவர்க்கு அனுப்பும் இளைஞரால் குடும்பத்துக்கும் சமுதாயத்துக்கும் விளையும் இடர் சிறிதன்று. ‘இதனை முதலில் கூறியவர் யார்? அவருக்கு எவ்வாறு தெரியும்? மறுதரப்பு யாது கூறுகின்றது?’ என மூன்று வினாக்களை எழுப்பிப் பழகிய மாணவர் அவ்வாறு ஏமாற மாட்டார்.

ஆகவே பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் ஆய்வரங்குகளுக்கு வருகை தந்து, பின்வரிசையிலேனும் அமர்ந்து, ஒரு வினாவேனும் எழுப்ப வேண்டுகின்றேன். ஆசிரியப் பெருமக்கள் முடிவைக் காட்டிலும் சான்றுக்கு மதிப்பெண் தர வேண்டுகின்றேன். மாணவச் செல்வங்கள் தாம் விரும்பும் முடிவையே முதலில் ஐயுற்றுப் பழகுவார்களாக. அத்தகைய தெளிந்த அறிவையும் அதனை நடுநிலையோடு எடுத்துரைக்கும் நாவன்மையையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.